சாளேசுரமும் சர்க்கார் கண்ணாடியும்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒருத்தர் சைக்கிளில் தட்டி கட்டி மூக்குக் கண்ணாடி விற்பார். கடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தட்டி, அதில் நாற்பது ஐம்பது கண்ணாடி, கையில் ஒரு பழைய செய்தித்தாள். அவருடைய கண் பரிசோதனை ஒரே கேள்விதான்: "வயசு என்னாச்சு?" பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார், செய்தித்தாளை நீட்டுவார். எழுத்துத் தெளிந்தால் காசு, தெளியவில்லை என்றால் அடுத்த கண்ணாடி. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊசியும் நூலும் வைத்திருக்கிறார். நூல் ஊசிக்குள் போய்விட்டால் பவர் சரி. இதைவிட நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை.

அம்மாவும் அவரிடம்தான் வாங்கினாங்க. 120 ரூபாய். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்று கேட்டாங்க: "ஏம்ப்பா, இதெல்லாம் கவர்மெண்டுல தர மாட்டாங்களா? உங்க அப்பாயிக்கு சும்மாதானே குடுத்தாங்க. பாப்பாவுக்கும் ஸ்கூல்ல குடுத்தாங்க."

பாப்பா என்றால் அக்கா மகள், அரசுப் பள்ளியில் எட்டாவது. ஆக, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் கண்ணாடி இருக்கிறது. முதல் தலைமுறைக்கும் மூன்றாம் தலைமுறைக்கும் அரசாங்கம் கொடுத்திருக்கிறது. நடுவில் இருக்கிற அம்மாவுக்கு மட்டும் சைக்கிள் தட்டி. அம்மா சும்மா கேட்டதுதான், பஸ் குன்னம் தாண்டுவதற்குள் மறந்தும் போயிட்டாங்க. நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டு குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருக்கிற எழுத்து மங்குவதை நம்மவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். இன்னொரு பெயரும் உண்டு. இப்போது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை: சாளேசுரம். அகத்தியர் காலத்து வைத்தியச் சொல் மாதிரி கம்பீரமாக ஒலிக்கும். ஆனா விஷயம் அது இல்லை. இந்தியில், உருதுவில் 'சாலீஸ்' என்றால் நாற்பது. நாற்பதில் வருகிற கண் கோளாறு, அதனால் அந்தப் பெயர். அது நம் ஊர் நாக்கில் சாளேசரம், சாளேசுரம் என்று உருண்டுவிட்டது. இந்தச் சொல்லுக்குள்ளேயே வயசு இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தேவைப்படும்.

கண்ணாடி நம் ஊருக்கு ஒன்றும் புதுசு இல்லை. விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520 வாக்கில், வியாசராயர் என்கிற மத்வத் துறவி மூக்குக் கண்ணாடி வைத்துச் சுவடி படித்ததை அவருடைய வரலாற்றைச் சொல்லும் சம்ஸ்கிருத நூலிலிருந்து பி.கே. கோடே என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டியிருக்கிறார். அதைவிட நமக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைச் சாணை பிடித்துக் கண்ணாடி வில்லை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்புகளில் வல்லம் கண்ணாடி வருகிறது. கல் கண்ணாடி குளிர்ச்சி, கண்ணுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை வேறு. ஆனா அது யார் மூக்கில் ஏறியது? பண்டிதர், கணக்குப்பிள்ளை, மிராசுதார். அரியலூர்ப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்தவருக்கோ, பெரம்பலூரில் பருத்தி எடுத்தவருக்கோ கண்ணாடி என்பது ஒரு அந்தஸ்து. தேவை என்று யாரும் நினைத்ததில்லை. சென்னையில் 1819லேயே கண் மருத்துவமனை வந்துவிட்டது, உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. திருச்சியில் 1934ல் ஜோசப் கண் மருத்துவமனை வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்ப காலம் கண் ஆஸ்பத்திரி என்றாலே திருச்சிதான்.

சரி, அப்பாயி கதைக்கு வருகிறேன்.

அப்பாயியின் கண்ணாடியை இன்றைக்குப் பிள்ளைகளிடம் காட்டினால் பூதக்கண்ணாடி என்பார்கள். சோடாபுட்டி என்று சொல்வோமே, அதுதான். கறுப்புச் சட்டம், நடுவில் புடைத்த தடித்த கண்ணாடி. அதைப் போட்டால் அப்பாயியின் கண் இரண்டு மடங்கு பெரிதாகி, யாரைப் பார்த்தாலும் அதிர்ச்சியோடு பார்க்கிற மாதிரி இருக்கும். வாசல் நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் எல்லாமே பெருசாக, கிட்டத்தில் தெரியும். ஓரப் பார்வை கிடையாது. இதற்கெல்லாம் காரணம் இருந்தது. அந்தக் காலக் கண்புரை அறுவையில் புரை விழுந்த விழி வில்லையை முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே பதிலுக்கு ஒன்றும் வைப்பதில்லை. இழந்த வில்லையின் வேலையை வெளியே இருந்து அந்த தடிக் கண்ணாடி செய்ய வேண்டும். கூட்டல் பத்து அளவுக்குப் பவர். அதாவது அறுவை பாதி வைத்தியம்தான், மீதிப் பாதி கண்ணாடி. கண்ணாடி உடைந்தால் அறுவை செய்ததே வீண், ஆள் மறுபடியும் குருடு.

இதனால்தான் அரசாங்கம் கண்ணாடியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இரக்கமும் இருந்திருக்கும், ஆனா முதன்மையாக அது வைத்தியக் கட்டாயம். எழுபதுகளின் தொடக்கத்தில் மு. கருணாநிதி ஆட்சியில் கண்ணொளித் திட்டம் என்று ஊர் ஊராக இலவசக் கண் முகாம்கள் நடந்தன. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்க வைத்து அறுவை செய்த காலம். கட்டுப் பிரித்து, கொஞ்ச நாள் கழித்துக் கண்ணாடி கொடுப்பார்கள். 1976ல் மத்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டுதான் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர் அந்தக் கையால் ஆயிரக்கணக்கில் அறுவை செய்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, இங்கே விரிக்க வேண்டாம்.

அப்பாயி எந்த வருஷம் முகாமுக்குப் போனது என்று வீட்டில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். எம்ஜிஆர் ஆட்சி என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எனக்குத் தெரிந்து அது ஒரே கண்ணாடி. ஒரு காது உடைந்து, நூல் கட்டி, அந்த நூலைத் தலைக்குப் பின்னால் முடிந்து போட்டிருக்கும். ராத்திரி படுக்கும்போது அரிசிப் பானைக்குள் வைக்கும். "அது போச்சுன்னா நான் போச்சு" என்று சொல்லும். இரண்டாவது கண்ணாடிக்கு யாரும் வழி செய்து வைக்கவில்லை, அதற்கும் தெரிந்திருந்தது.

பிறகு கண்ணுக்குள்ளேயே பொருத்துகிற செயற்கை வில்லை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்று நூறு டாலர், அதற்கு மேலும். 1992ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அதைப் பத்து டாலர் பக்கத்துக்கு இறக்கினார்கள். 1994ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் பெரிய அளவில் நடந்தது. சோடாபுட்டி மறைந்தது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனா என் குறிப்புகளைப் புரட்டும்போது ஒன்று தோன்றுகிறது. பெரியவர்களுக்குக் கண்ணாடி கொடுக்கும் பழக்கம் நம் அரசாங்கத்துக்கு அறுவையின் வாலாகத்தான் வந்தது. தலை மாறியதும் வால் மெலிந்துவிட்டது. அறுவை இல்லாமல், வெறும் கண்ணாடி மட்டும் போதும் என்கிற ஆளை அந்தத் திட்டம் ஒரு நோயாளியாகவே பார்த்ததில்லை. பெயரே 'பார்வையிழப்பு' தடுப்புத் திட்டம். ஊசியில் நூல் கோர்க்க முடியாதவர் பார்வை இழந்தவரா என்ன?

வேற எந்த ஊரிலாவது கண்ணாடியைக் கண்ணாடிக்காகவே கொடுத்திருக்கிறார்களா என்று தேடினால், நேராக லண்டனில் போய் நிற்கிறோம்.

1948 ஜூலை 5. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கிய நாள். அனியூரின் பெவன் என்கிற சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான் சுகாதார அமைச்சர். மருத்துவர், மருந்து, பல் செட், மூக்குக் கண்ணாடி எல்லாம் எல்லோருக்கும் இலவசம். அதற்கு முன்னால் அங்கே ஏழை பாழைகள் கண்ணாடி எங்கே வாங்கினார்கள் தெரியுமா? உல்வொர்த் என்கிற மலிவு விலைக் கடையில், மேசை மேல் குவித்து வைத்த கண்ணாடிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, தெரிவதை எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம்ம சைக்கிள்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். என்ன, அங்கே ஊசி நூல் இருந்திருக்காது.

இலவசம் என்றதும் கூட்டம் அலைமோதியது. முதல் ஆண்டிலேயே ஐம்பது லட்சத்துக்கு மேல் கண்ணாடி போனது. கண்ணாடி கைக்கு வர மாசக்கணக்கில் காத்திருந்தார்கள். போட்ட மதிப்பீடு எல்லாம் பறந்துபோனது. ஓசி என்றால் நாலு வாங்குவார்கள் என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. ஐம்பது லட்சம் பேர் அதுவரை அரைகுறையாகப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள். கேட்கவில்லை என்பதால் தேவை இல்லை என்று ஆகிவிடாது. விலை வைத்திருந்த வரைக்கும் அந்தத் தேவை யார் கணக்கிலும் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றே வருஷம். 1951 ஏப்ரலில் கொரியப் போருக்காக ராணுவச் செலவு ஏறியபோது, நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே கட்ட வேண்டும் என்றார். மிச்சமாகப் போவது முதல் ஆண்டில் 1.3 கோடி பவுண்ட்தான், ராணுவ பட்ஜெட்டில் தூசு. பெவன் அப்போது தொழிலாளர் துறை அமைச்சர். பதவியை விட்டுப் போனார். கூடவே ஹரோல்ட் வில்சனும் ஜான் ஃப்ரீமனும் போனார்கள். மூக்குக் கண்ணாடிக்காக மந்திரிகள் ராஜினாமா செய்த வரலாறு வேறு எங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த வருஷம் அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சியையே இழந்தது. பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம் நீடித்தது. எண்பதுகளின் நடுவில் பெரும்பாலான பெரியவர்களுக்கு அந்த அரசுக் கண்ணாடியும் நின்றுபோய், 1986ல் பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் சீட்டு முறை வந்தது: அரசு ஒரு தொகைக்குச் சீட்டுத் தரும், விரும்பின கடையில் கொடுத்துக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம். கவனியுங்கள், அங்கேயும் கடைசியில் தப்பித்தது குழந்தைகள்தான். வேலை செய்கிற வயசுக்காரர் மேல்தான் முதல் வெட்டு.

நம் ஊரிலும் குழந்தைகள் விஷயத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. தேசியத் திட்டத்துக்குள் பள்ளிக் கண் பரிசோதனை வந்தது. ஏற்பாடு ரொம்ப எளிது. ஒரு ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு அட்டையும் ஆறு மீட்டர் நாடாவும் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையை ஆறு மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தி, அட்டையில் இருக்கிற குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்க வேண்டும். தடுமாறுகிற பிள்ளைகளின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கண் மருத்துவ உதவியாளருக்குப் போகும். அவர் பவர் பார்த்து எழுதுவார், கண்ணாடி பிறகு பள்ளிக்கே வரும். ஒரு கண்ணாடிக்கு மத்தியத் திட்டம் ஒதுக்கியது முதலில் 200 ரூபாய், பிறகு 275, அப்புறம் 350. 2009ல் தமிழ்நாடு அரசு கண்ணொளி காப்போம் திட்டம் என்று இதைப் பெரிதாக்கியது. அதே 2009ல்தான் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் வந்தது. ஒன்று லட்ச ரூபாய் அறுவைக்கு, இன்னொன்று சில நூறு ரூபாய்க் கண்ணாடிக்கு. எது நாலு பேர் வாயில் நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாம் மாவட்டம் வழியாகத்தான் இறங்கும். கலெக்டர் தலைமையில் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம் என்று ஒன்று உண்டு. இங்கேதான் நம் ஊரின் தனிக் கூத்து. 1995 வரை நாம் திருச்சி மாவட்டம். ஜெயங்கொண்டத்துக்காரருக்கு மாவட்டத் தலைநகர் நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட. 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001ல் அரியலூர் தனி மாவட்டம். 2002ல் மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் தனி. ஆறேழு வருஷத்துக்குள் ஒரு மாவட்டம் பிறந்து, செத்து, மறுபடி பிறந்தது. அலுவலகப் பலகைகள் மாறின, கோப்புகள் லாரியில் இந்தப் பக்கம் வந்தன, அந்தப் பக்கம் போயின. கட்சிக்காரர்களுக்கு அது அரசியல். கண் தெரியாத கிழவிக்கு, எந்தப் பஸ் ஏறுவது என்கிற கேள்வி. இப்போது அரியலூரில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தது. தூரம் என்கிற பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்குக் கண்ணாடி கிடைத்தது இந்த வழியில்தான். வீட்டுக்கு வந்த முதல் நாளே அதைப் பையில் வைத்துவிட்டது. பள்ளியில் 'சோடாபுட்டி' என்கிறார்களாம். சோடாபுட்டியை அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? சாமான் போய்விட்டது, கேலி மட்டும் பரம்பரைச் சொத்தாக நிற்கிறது. "பொட்டப்புள்ளைக்கு இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டுவா" என்று பக்கத்து வீட்டு அத்தை வேறு. இலவசமாகக் கொடுத்தால் மட்டும் மூக்கில் ஏறிவிடாது என்பது உண்மைதான். ஆனா மூக்கில் ஏற மறுக்கவாவது கையில் ஒரு கண்ணாடி இருக்கிறதே.

இனி நடுத் தலைமுறை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

என் தாய்மாமா பட்டுத் தறி நெய்தவர். வாரியங்காவல், ஜெயங்கொண்டம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். காஞ்சிபுரம் புடவை என்று நகரத்தில் விற்பதில் எவ்வளவோ இந்தத் தெருக்களில் நெய்ததுதான். பட்டுத் தறி என்பது கண்ணால் செய்கிற வேலை. ஒரு பாவு முடிந்ததும் அடுத்த பாவின் இழைகளைப் பழைய பாவின் நுனியோடு ஒன்றொன்றாகப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கில். தலைமுடியைவிட மெல்லிய இழை. நெய்யும்போது நடுவில் ஒரு இழை அறுந்தால் உடனே கண்டுபிடித்துக் கட்ட வேண்டும். கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் கோடு விழுந்துவிடும், கூலியில் பிடிப்பார்கள்.

2008ல் மாமாவுக்கு 46 வயசு. ஒரு புடவைக்கு எடுத்துக்கொண்டிருந்த நாள் ஏறிக்கொண்டே போனது. கோடு விழுந்தது, கூலி குறைந்தது. சாயங்காலம் விளக்கைத் தறிக்கு மேலேயே தொங்கவிட்டார். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து இழை தேடச் சொன்னார். கடைசியில், "கண்ணு போச்சு, இனி தறி ஆகாது" என்று அவரே முடிவு செய்து தறியை விற்றுவிட்டு, ஒரு சிமென்ட் ஆலையில் காவலாளி வேலைக்குப் போனார். தூரத்தில் வருகிற லாரி நம்பரை யாரைவிடவும் தெளிவாகப் படித்தார். அது அவருக்கே விநோதமாக இருந்தது. எங்கள் யாருக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவருக்குப் போனது கண் இல்லை, வெறும் சாளேசுரம். சைக்கிள்காரர் தட்டியில் இருக்கிற ஒன்றரைப் பவர்.

இதில் என்னை ரொம்ப உறுத்துகிற ஒன்று உண்டு. 2005 முதல் கைத்தறி நெசவாளர்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை. மாமாவிடமும் அந்த அட்டை இருந்தது, டிரங்குப் பெட்டியில், பத்திரத்தோடு பத்திரமாக. அந்தத் திட்டத்தின் பட்டியலைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். பல் வைத்தியத்துக்கு 250, கண் வைத்தியத்துக்கு 75, அதற்கடுத்து: மூக்குக் கண்ணாடி, 250 ரூபாய். யாரோ ஒருத்தர், டெல்லியில் ஏதோ ஒரு மேசையில், நெசவாளி என்றால் கண்ணாடி தேவைப்படும் என்று யோசித்து அந்த வரியை எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. அந்த வரி வாரியங்காவல் பக்கத்துத் தெருவுக்கு வரவில்லை, வந்திருந்தாலும் நாங்கள் படிக்கவில்லை. அட்டை என்றால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். படித்த பிள்ளை என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்த நானும்தான்.

தமிழ்நாட்டில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், 1999ல் உடலுழைப்புத் தொழிலாளர் வாரியம், பிறகு தையல், கைத்தறி என்று தொழிலுக்கு ஒரு வாரியம். கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, பிள்ளை படிப்புக்கு, சாவுக்கு என்று உதவித்தொகைப் பட்டியல் நீளும். அதில் ஒரு வரி: மூக்குக் கண்ணாடிச் செலவை ஈடுசெய்ய ஒரு தொகை. நாற்பது வயசுக்காரருக்குக் கண்ணாடி தருகிற ஏற்பாடு என்று பார்த்தால் பிரிட்டிஷ்காரர்களின் சீட்டுக்கு நம்மிடம் கிட்டத்தில் வருவது இதுதான். ஒரே ஒரு வித்தியாசம், அதுதான் எல்லாம். அங்கே சீட்டு முதலில், கண்ணாடி பிறகு. இங்கே கண்ணாடி முதலில், ரசீது அடுத்து, மனு அதற்கடுத்து, பணம் கடைசியில். வாரியத்தில் பதிவு உயிரோடு இருக்க வேண்டும், டாக்டர் எழுதிய சீட்டு வேண்டும், கடை ரசீது வேண்டும். ரசீது தருகிற கடையில் பிரேமும் வில்லையும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். 120 ரூபாய்க்குத் தருகிற சைக்கிள்காரரிடம் ரசீது கேட்டால் சிரிப்பார். ஆக, அந்த மானியத்தை வாங்க முதலில் மானியத்தைவிட அதிகம் கையில் வைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் பார்வைக் கண்ணாடிக்கு ஜிஎஸ்டியை 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல விஷயம்தான், கடைக்குப் போகிறவர்களுக்கு. சைக்கிள் தட்டிக்கு 12ம் ஒன்றுதான் 5ம் ஒன்றுதான்.

தேசியத் திட்டம் கிட்டப் பார்வைக் கண்ணாடியை மறந்தே போனது என்று சொன்னால் அது தப்பு. 12ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதையும் இலவசப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனா யாருக்கு என்கிற இடத்தில் ஆவணம் சொல்வது: முதியோருக்கு. முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, சாளேசுரம் என்கிற சொல்லுக்குள் நாற்பது இருக்கிறது என்று. ஊரில் யாரோ வைத்த பெயருக்கு வயசு தெரிந்திருக்கிறது. திட்டம் எழுதியவர்களுக்கு வெள்ளெழுத்து என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தாத்தா. தறியில் உட்கார்ந்திருக்கிற 46 வயசுக்காரரோ, சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிகிற செட்டிகுளத்து அம்மாவோ அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அசாமில் தேயிலை பறிக்கிற, நாற்பது தாண்டிய தொழிலாளர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வந்தது. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு, போடாதவர்களைவிட 22 சதவீதத்துக்குக் கிட்ட கூடுதலாக உயர்ந்தது. தேயிலைக் கொழுந்துக்கே இப்படி என்றால் பட்டு இழைக்கு எவ்வளவு இருக்கும்? வங்கதேசத்தில் இதே மாதிரி ஒரு ஆய்வு, 2024ல் வெளியானது, வருமானத்தையே பார்த்தது: மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, வெள்ளெழுத்துக்குத் தக்க கண்ணாடி இல்லாமல் இருப்பவர்கள் உலகத்தில் 82 கோடிக்கு மேல். எங்கள் மாமா அதில் ஒருத்தர். அம்மா 120 ரூபாய் கொடுத்து அந்தக் கணக்கிலிருந்து வெளியே வந்துட்டாங்க.

போன தை மாசம் மாமாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது, இலவச முகாமில். நல்லபடியாகக் கவனித்துக்கொண்டார்கள், வேன் வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். ஒரு மாசம் கழித்துப் போனபோது கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடியும் கொடுத்தார்கள், அதுவும் இலவசம். வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொண்டு, மடியில் கிடந்த துண்டின் ஓரத்தை விரலால் பிரித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இழை தெரியுதுடா" என்றார். அவருக்கு இப்போ 63. தறியை விற்றுப் பதினேழு வருஷம் ஆகிறது.